ஆறாம் பாகம் போடலாமா?

ஆற்றங்கரை மடத்துச் சாமிக்கு வயது நாற்பத்தொன்று. அவருடைய சீடர் குற்றாலிங்கத்துக்கு அறுபத்தெட்டு. சாமி காவி கட்டுவதற்கு முன்னால் மினிபஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். குற்றாலிங்கம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். இதில் யார் யாருக்குக் குரு என்று ஊரில் கேலி பேசுவார்கள். இரண்டு பேரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அன்று காலை குற்றாலிங்கம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார். கும்பிட்டார். உட்காரவில்லை.

"சாமி, ஒரு சந்தேகம். உண்மை தெரிஞ்சவன் அதைச் சொல்லாம இருக்கலாமா?"

"எந்த உண்மை, அண்ணாச்சி?"

குற்றாலிங்கம் செல்போனை எடுத்தார். ஊருக்கே தெரிந்த சங்கதிதான். திருநெல்வேலியில் தங்கப்பழம் வாத்தியார் என்று எண்பத்தொரு வயதுப் பெரியவரை ஒன்பது நாளாகக் காணவில்லை. ஞாபகம் தப்பிப்போனவர். மகன் வெளிநாட்டில் இருக்கிறான். கூட இருந்து பார்த்துக்கொண்டவன் சொரிமுத்து என்கிற ஆள், மூன்று வருஷமாக. பஸ் ஸ்டாண்டில் ஒரு கடையின் உச்சியில் இருந்த கேமராவில் கடைசியாக ஒரு காட்சி பதிவாகியிருந்தது. ஒருவன் பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறான், அவருடைய பையும் அவன் தோளில் இருக்கிறது. பதினாலு விநாடி. அதற்கப்புறம் தூண் மறைத்துவிடுகிறது.

அந்தப் பதினாலு விநாடியை வைத்துத்தான் குற்றாலிங்கம் ஐந்து பாகம் வீடியோ போட்டிருந்தார். 'அளந்து சொல்வேன்' என்பது அவருடைய சேனலின் பெயர். நிழலை அளந்து நேரத்தைச் சொன்னார். நடக்கிற தப்படியை அளந்து அவசரத்தைச் சொன்னார். முதல் பாகத்தை நாற்பது பேர் பார்த்தார்கள், ஐந்தாம் பாகத்தை மூன்று லட்சம் பேர். மலேசியாவிலிருந்தும் துபாயிலிருந்தும் ஆளுக்கொரு துப்பு அனுப்பினார்கள். வெள்ளை வேன் என்றான் ஒருத்தன், கிட்னித் திருட்டு என்றான் இன்னொருத்தன். சொத்துக்காகத்தான் கடத்தல் என்று ஓட்டெடுப்பே நடந்து முடிந்துவிட்டது.

"போலீஸ் என்ன சொல்லுது?" என்று சாமி கேட்டார்.

சொரிமுத்துவை விசாரித்து அனுப்பிவிட்டார்களாம். அதுதான் பெரிய சந்தேகமே என்றார் குற்றாலிங்கம். ஒரு டிவிக்காரன் கேட்டபோது அந்த ஆள் சிரித்தானாம். மறுநாளிலிருந்து போனை அணைத்துவிட்டானாம். சிரிப்பானேன், அணைப்பானேன்?

"ஆறாம் பாகத்துல அவன் பேரு, படம், வீட்டு விலாசம் எல்லாம் போடுதேன். சாயங்காலம் ஆறு மணிக்கு. சனங்க காத்துக்கிட்டு இருக்காவ. அதான் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடலாம்னு வந்தேன். போடலாமா?"

"போட்டா என்ன ஆகும்?"

"சனங்க சும்மா விட மாட்டாவ."

குற்றாலிங்கம் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். சொல்லி முடித்ததும் குரல் கொஞ்சம் தணிந்தது. நான்காம் பாகம் வந்த அன்றே எவனோ சொரிமுத்துவின் வீட்டு ஓட்டில் கல்லெறிந்துவிட்டான். இந்த முறை கல்லோடு நிற்காது என்று அவருக்கே தெரியும்.

சாமி வானத்தைப் பார்த்தார். வெயில் ஏறியிருந்தது.

"பந்தி முடியட்டும், அண்ணாச்சி. சாம்பார் வாளி உங்களுக்கு."

அந்த மடத்தில் தினமும் மத்தியானம் சாப்பாடு உண்டு. யாரும் வரலாம். ஒரே ஒரு கட்டுப்பாடுதான். பரிமாறுகிறவர் இலையைத்தான் பார்க்க வேண்டும், முகத்தைப் பார்க்கக் கூடாது. பசித்து வந்தவன் தலைகுனியும்படி ஆகிவிடக் கூடாது என்று பழைய சாமி வைத்த முறை. எட்டு வருஷமாகக் குற்றாலிங்கம் அங்கே பரிமாறுகிறார். எத்தனையோ ஆயிரம் இலைகளைப் பார்த்தவர், ஒரு முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

அன்று கூட்டம் அதிகம். அவர் சாம்பார் ஊற்றிக்கொண்டே போனார். மனம் முழுக்க ஆறு மணியிலேயே இருந்தது. ஓர் இலையில் நடுங்குகிற கை ஒன்று போதும் என்று மறித்தது. அவர் பார்க்காமல் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

பந்தி கலைகிற நேரத்தில் ஒரு ஆள் வாசலில் வந்து நின்றான். கால் இரண்டும் வெடித்து, துணி சுற்றியிருந்தது. முகத்தில் பத்து நாள் தாடி. உள்ளே வந்து சாப்பிட்டவர்களின் முகத்தைப் பார்க்கலாமா என்று சாமியிடம் கேட்டான்.

"இங்க முகம் பாக்கிறதில்ல," என்றார் சாமி. "வேணும்னா சாப்பிட்ட இலைய எடுங்க."

அந்த ஆள் ஒரு விநாடி யோசித்தான். அது போதும் என்று சொல்லிவிட்டுக் கூடையை வாங்கிக்கொண்டான்.

அவன் குனிந்து இலை எடுப்பதைக் குற்றாலிங்கம் படியில் நின்று பார்த்தார். உச்சந்தலையில் ரூபாய்க் காசு அளவுக்குச் சொட்டை. இடது தோள் சற்றே இறக்கம். நிமிர்ந்து நின்றபோது அவனை அடையாளம் தெரியவில்லை. மேலிருந்து பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஐந்து பாகமும் அந்தத் தலையைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் சாமியின் காதருகே போய்ச் சொன்னார். "அவன்தான் சாமி. சொரிமுத்து."

"அப்படியா?" என்றார் சாமி.

குற்றாலிங்கம் செல்போனைத் தூக்கிப் பதிவு செய்ய ஆரம்பித்தார். ஆறாம் பாகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? திரையில் சொரிமுத்து ஒவ்வோர் இலையாகக் குனிந்து பார்த்தான், பிறகுதான் எடுத்தான். இருபது இலை, முப்பது இலை. எச்சில் இலையில் என்ன தேடுகிறான் என்று குற்றாலிங்கத்துக்குப் புரியவில்லை. கடைசி வரிசையில் ஓர் இலைக்கு முன்னால் அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிறகு அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அழுதபடியே ஓடி வந்தான்.

"இதுல யாரு சாப்பிட்டா?"

இலையின் மேல் ஓரத்தில் கருவேப்பிலை ஒவ்வொன்றாக வரிசை பிடித்து வைக்கப்பட்டிருந்தது. சின்னது முன்னால், பெரியது பின்னால்.

"எங்க வாத்தியார் இப்படித்தான் வைப்பாவ. பிள்ளைகள நிக்க வச்ச மாதிரி. அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல நான் ஒரு சோடா வாங்கத்தான் கையை விட்டேன். யாரு பரிமாறினது, ஐயா?"

"நான்தான்," என்றார் குற்றாலிங்கம்.

"எப்படி இருந்தாவ? மெலிஞ்சிட்டாவளா? எந்தப் பக்கம் போனாவ?"

குற்றாலிங்கம் யோசித்துப் பார்த்தார். அந்த நடுங்கிய கை மட்டும் நினைவுக்கு வந்தது. அது இந்த இலையா, வேறு இலையா என்றுகூட அவரால் சொல்ல முடியவில்லை.

கைகழுவப் போனவர்கள் எல்லாம் ஆற்றுப் பக்கம்தான் போயிருப்பார்கள் என்றார் சாமி. சொரிமுத்து இலையைப் படியில் வைத்துவிட்டு, தோப்பு வழியாக நொண்டிக்கொண்டே ஓடினான். சமையல்காரரைச் சைக்கிளில் பஸ் நிறுத்தத்துக்கு அனுப்பினார் சாமி.

முற்றம் காலியாகிவிட்டது. குற்றாலிங்கம் இலையைப் பார்த்தபடி நின்றார். எல்லாம் குழம்பிப்போயிருந்தது. நிழலின் நீளம் சரிதான், தப்படிக் கணக்கும் சரிதான். ஆனால் கடத்தினவன் எதற்கு எச்சில் இலையைப் பார்த்து அழ வேண்டும்?

"நாடகமா இருக்கலாம்லா, சாமி?"

"இருக்கலாம்."

"கருவேப்பிலைய யாரு வேணாலும் ஒதுக்கி வைக்கலாம்."

"வைக்கலாம்."

"ஒருவேளை இவனே கொண்டாந்து ஒளிச்சு வச்சிட்டு, இப்ப தேடுத மாதிரி..."

அவரால் முடிக்க முடியவில்லை. சொல்லச் சொல்ல அது ஏழாம் பாகம் போலவே இருந்தது. அதோடு இன்னொன்றும் உள்ளே உறுத்தியது. சொரிமுத்து இலையை நீட்டிய அந்த நொடியில், இது வாத்தியாருடைய இலையாக இருந்துவிடக் கூடாதே என்று அவர் மனம் நினைத்தது. மூன்று லட்சம் பேருக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் அப்போது தோன்றியது. ஒரு வயசாளி உயிரோடு இருப்பது தனக்கு இடைஞ்சலாகப் பட்டதை நினைத்து அவருக்கு அவமானமாக இருந்தது.

கையில் செல்போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எல்லோரும் ஆறாம் பாகம் எங்கே என்று கேட்டார்கள்.

"எனக்கு ஒண்ணும் புரியல, சாமி. அவன் நல்லவனா கெட்டவனா? நான் இப்ப என்னத்தச் செய்ய?"

சாமி படியிலிருந்து எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஆத்துக்கு இங்கேருந்து ரெண்டு பாதை இருக்கு, அண்ணாச்சி. தோப்பு வழியா அவன் போயிட்டான். மத்ததுல இன்னும் ஆளு போகல."