சிரட்டை கவிழ்த்த குழாய்

“அம்மா, எனக்கு மௌன விரதம் தாங்க” என்றார் ஆவுடையப்பன்.

கோமதி அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எம்புட்டு நாளைக்கு?”

“ஆயுசுக்கும்.”

“ஆயுசு பெருசு அண்ணாச்சி. இசக்கி ரூம்ல ஒழுகுது. முதல்ல அதைப் பாருங்க.”

தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் சின்ன மடம் அது. அதன் தலைவி கோமதி அம்மாவுக்கு நாற்பது வயதுதான். சீடராகச் சேர்ந்த ஆவுடையப்பனுக்கு அறுபது தாண்டிவிட்டது. அதனால் குருவே சீடரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். காவி கொடுத்த பிறகும் அப்படித்தான் கூப்பிடுவேன் என்று சொல்லியும் வைத்திருந்தார்.

ஆவுடையப்பன் ஊரில் பெயிண்ட், ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். ஒழுகலை நிறுத்தும் டப்பாக்களை அவர் விற்றதற்குக் கணக்கே இல்லை. டப்பா மேல் அச்சடித்திருப்பதை வாசித்துக் காட்டியே வியாபாரம் செய்வார். எந்த மாடியிலும் ஏறிப் பார்த்ததில்லை. நாக்குதான் அவருக்கு முதல்.

அந்த நாக்கு போன வாரம் மடத்துப் பந்தியில் அவிழ்ந்துகொண்டது. சாம்பாரில் உப்பு கூடியிருந்தது. வாளியோடு வந்த சமையல்கார இசக்கியம்மாளைப் பார்த்து, அத்தனை பேர் நடுவிலும் சொன்னார்:

“இந்தக் கையால தின்னுட்டு எவன் குடும்பம் நடத்துவான்? உம் புருசன் விட்டுட்டுப் போனதுல தப்பே இல்ல.”

இசக்கியம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். அதன் பிறகு அவர் இருக்கும் பக்கமே வரவில்லை. பையைக் கட்டி வைத்துவிட்டாள். வரும் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் கடையநல்லூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். தங்கை வீட்டில் அவளை யாரும் வா என்று கூப்பிடவில்லை. அது மடத்தில் எல்லாருக்கும் தெரியும்.

ஆவுடையப்பனை வெட்கம் பிடுங்கித் தின்றது. மௌனம் கேட்டு வந்தது அதற்காகத்தான்.

“நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவ நிப்பா அம்மா.”

“போகச் சொன்னது நானா?”

ஆவுடையப்பன் ஏணியைத் தேடிப் போனார்.

சாரல் காலம். மொட்டை மாடி வழுக்கியது. இசக்கியம்மாள் அறையின் மூலை வழியாகக் கழிவறையின் காற்றுக் குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே வந்திருந்தது. நாலங்குல பிளாஸ்டிக் குழாய். உச்சி திறந்து கிடந்தது. மழை அதற்குள் விழுந்துகொண்டிருப்பதை அவர் தன் கண்ணாலேயே பார்த்தார்.

இவ்வளவுதானா என்று சிரித்துக்கொண்டார். அடுக்களைக் குப்பையிலிருந்து அளவான தேங்காய்ச் சிரட்டை ஒன்றை எடுத்துவந்து உச்சியில் கவிழ்த்தார். கயிற்றால் இறுக்கினார். சுற்றிலும் சிலிக்கான் பூசினார். காற்றுகூட நுழையாது. காற்று வெளியேறவும் செய்யாது என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மாலைப் பூசையில் நாற்றம் தாங்கவில்லை. ஊதுபத்தியைக் கட்டுக் கட்டாகக் கொளுத்தியும் பயனில்லை. தேவாரம் பாடிக்கொண்டிருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பாடினார். அப்படிப் பாடினால் எந்தப் பண்ணும் ஒரே பண்தான்.

“என்ன அண்ணாச்சி பண்ணுனீக?”

“மழை போற வழியை அடைச்சேன் அம்மா.”

“குழாய்க்குள்ள விழுற மழை எங்க போகும்?”

“நேரா செப்டிக் டேங்குக்கு.”

“அப்ப இசக்கி பாயில விழுற தண்ணி?”

ஆவுடையப்பன் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

“கெட்ட காத்து போகத்தான் அதை அங்க வச்சிருக்கு. திறந்து விடுங்க” என்று அம்மா பூசைக்குத் திரும்பினார்.

தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாகிவிட்டது. சிரட்டையை எடுத்தார். நாற்றம் போனது. ஒழுகல் போகவில்லை.

இந்த முறை குழாயின் அடியைப் பார்த்தார். அங்கே யாரோ எப்போதோ பூசிய தார் வெடித்திருந்தது. புதுத் தார் டப்பா ஒன்றை வாங்கிவந்து, அதன் மேலேயே கட்டியாக அப்பினார். கறுகறுவென்று பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

அடுத்த சாரலுக்கு இசக்கியம்மாள் பாயை வாசலோரம் இழுத்துப் போட்டுப் படுத்தாள் என்று செய்தி வந்தது.

அம்மா மாடிக்கு வந்தார். குழாய் அருகே குந்தி உட்கார்ந்து, தாரின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தார். நமுத்துப்போன அப்பளம்போல மொத்தமும் கையோடு வந்தது. அடியில் சொதசொதவென்று ஈரம்.

“ஈரத்து மேலயா பூசுனீக?”

“மேல பாத்தா காஞ்சுதான் இருந்துச்சு அம்மா.”

“அப்படித்தான் இருக்கும்.”

அம்மா இறங்கிப் போய்விட்டார்.

ஆவுடையப்பன் உளியும் சுத்தியலும் எடுத்துவந்து கொத்த ஆரம்பித்தார். பழைய தாருக்குக் கீழே அதைவிடப் பழைய தார். அதற்குக் கீழே சிமெண்டுப் பூச்சு. அதற்கும் கீழே சாக்குத் துண்டும் கந்தல் துணியும் திணித்து வைத்திருந்தார்கள். துணியை இழுத்துப் பிழிந்தால் தண்ணீர் கொட்டியது. இதுவரை வந்தவர்கள் எல்லாரும் முந்தினவன் பூசியதன் மேலேயே பூசிவிட்டுப் போயிருந்தார்கள். கடைசியில் குழாய்க்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி தெரிந்தது.

பிளாஸ்டிக்கோடு சிமெண்டு ஒட்டாது. வெயிலில் குழாய் நீளும், குளிரில் சுருங்கும். சிமெண்டு கூடவே நீளாமல் விரிசல் விட்டுவிடும். இதைத் தன் கடையில் எத்தனை பேருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்! வாசித்தவர் காதில்தான் விழவில்லை.

குழிக்கு மேலே தார்ப்பாயால் சின்னக் கூடாரம் போட்டார். காயட்டும் என்று அம்மா சொல்லியிருந்தார்.

“வெள்ளிக்கிழமை வந்துரும் அம்மா. இப்பவே அடைச்சிட்டா என்ன?”

“வெள்ளிக்கிழமைன்னு சொன்னா ஈரம் கேக்குமா?”

காத்திருந்தார். கை வைத்துப் பார்த்து, நன்றாகக் காய்ந்த பிறகு, குழாயின் அடியை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினார். இடைவெளியில் ரப்பர்போல இழுபடும் பசையை நிரப்பினார். வலைத்துணியைச் சுற்றி அதன் மேலும் பூசினார். தண்ணீர் தேங்காமல் ஓட, சுற்றிலும் சரிவாகச் சிமெண்டு கட்டினார். எதற்கும் அவசரப்படவில்லை. அவசரப்படாமல் அவர் செய்த முதல் வேலை அதுவாகத்தான் இருக்கும்.

வியாழக்கிழமை மத்தியானம் அம்மாவை மாடிக்கு அழைத்துவந்தார்.

“முடிஞ்சது அம்மா.”

“எப்படித் தெரியும்?”

“தண்ணி கட்டிப் பாத்துருவோம்.”

புது மாடி போட்டால் அப்படிப் பார்ப்பதுதான் வழக்கம். தண்ணீர் இறங்கும் துளையைத் துணி வைத்து அடைத்தார். மோட்டாரைப் போட்டார். மாடி கணுக்கால் அளவுக்கு நிறைந்து குளம்போல் நின்றது. அம்மா கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்தார்.

நேரம் போனது.

“ஒழுகுதா அண்ணாச்சி?”

“இங்க ஒண்ணும் தெரியலை.”

“இங்க என்ன தெரியும்?”



“கீழ இசக்கி ரூம் அம்மா.”

“ஆமா.”

“நீங்க ஒரு எட்டு பாத்துட்டு வந்து சொல்லக் கூடாதா?”

“பாக்கலாம்” என்றார் அம்மா. சுவரில் இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

ஆவுடையப்பன் இறங்கினார். கதவைத் தட்டினார்.

இசக்கியம்மாள் திறந்தாள். பை கட்டின கட்டாக சுவரோரம் இருந்தது. பாயும் சுருட்டிக் கிடந்தது.

“என்ன?”

“மேல தண்ணி கட்டியிருக்கேன். ஒழுகுதான்னு பாக்கணும்.”

அவள் விலகி வழி விட்டாள். குழாய் கூரையைத் தொடும் இடத்தை இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். பழைய கறை இருந்தது. சொட்டு இல்லை.

வந்த வேலை முடிந்தது. ஆவுடையப்பன் போகவில்லை.

“அன்னைக்கு நான் பேசுனது தப்பு இசக்கியம்மா.”

“உப்பு கூடுனது நெசந்தானே.”

“உப்புக்காகப் பேசலை.”

“பெறவு?”

“கோவத்துல பேசிட்டேன்.”

“எதுக்குக் கோவம்?”

அவர் கூரையிலிருந்த கறையைப் பார்த்தபடியே சொன்னார்:

“அன்னைக்குக் காலைல பஸ் ஸ்டாண்டுல எங்கூர்க்காரன் ஒருத்தனைப் பாத்தேன். ‘மகன் கல்யாணத்துல உங்களைக் காணலையே அண்ணாச்சி’ன்னு கேட்டான். கல்யாணம் நடந்ததே எனக்குத் தெரியாது.”

இசக்கியம்மாள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

“பொஞ்சாதி, மகன், எல்லாரும் விட்டுட்டுப் போனது என்னையத்தான். என் வாயைத் தாங்க முடியாமத்தான் போனாக. அந்த வார்த்தையத் தூக்கி உன் தலையில போட்டுட்டேன்.”

சொல்லிவிட்டு அழுதார். அறுபது வயதுக்கு மேல் அழுகிற ஆண்பிள்ளைக்கு அழவும் சரியாகத் தெரிவதில்லை. இருமல் வந்தவர்போல மூலைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அவள் செம்பில் தண்ணீர் மோந்து கொடுத்தாள்.

“நீங்க சொன்னது எனக்கு இன்னும் வலிக்கத்தான் செய்யுது அண்ணாச்சி.”

“வலிக்கும்.”

“இந்தச் சங்கதியை அன்னைக்கே சொல்லியிருந்தா, இன்னொரு கரண்டி சோறு வச்சிருப்பேனே.”

அவர் தண்ணீரைக் குடித்தார். அவள் மறுபடியும் கூரையைப் பார்த்தாள்.

“மேல தண்ணி இன்னும் நிக்குதா?”

“நிக்குது. விடியுமுன்ன திறந்து விட்டுருதேன்.”

“வேண்டாம். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நிக்கட்டும்” என்றாள் இசக்கியம்மாள். “நான் இங்கதான் இருப்பேன். பாத்துச் சொல்லுதேன்.”