கேப்டனைக் கேட்கிறார்கள்

பரிமளத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. அவளுக்குப் பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொடுத்த ஜெசிந்தாவுக்கு இருபத்தொன்பது. குரு இளையவளாகவும் சிஷ்யை மூத்தவளாகவும் இருந்தால் சிலருக்குச் சிரிப்பு வருகிறது. கடலுக்குச் சிரிப்பு வருவதில்லை.

விடிந்ததும் 'ஆலா' என்ற பாய்ப்படகில் புதுச்சேரியிலிருந்து கிளம்பினார்கள். தெற்கே ஒரு பகல் தூரத்துத் துறைமுகத்தை இருட்டுவதற்குள் பிடிக்க வேண்டும். வாடைக்காற்று முதுகில் தள்ளியது. வலப்பக்கம் கரை மெல்லிய கோடாகக் கூடவே வந்தது.

பரிமளம் சுக்கானைப் பிடித்தபடி கேட்டாள்.

"டீச்சர், அடுத்த மாசம் இந்தப் படகை நான் தனியா ராமேஸ்வரம் கொண்டுபோகணும். எப்ப சரின்னு சொல்லப் போறீங்க?"

"ஏன் அவசரம்?"

"அவசரமா? நான் எப்ப அலுத்துப்போய்த் திரும்புவேன்னு வீட்ல எல்லாரும் காத்திட்டிருக்காங்க. காயப்போட்ட புடவைக்கும் பாய்க்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதுங்கிறான் என் தம்பி."

"தெரியுமா?"

"டீச்சர்!"

ஜெசிந்தா சிரித்தாள். "புடவை படபடத்தா காயுதுன்னு அர்த்தம். பாய் படபடத்தா நீங்க தப்பா ஓட்டுறீங்கன்னு அர்த்தம்."

"பேச்சை மாத்தாதீங்க. நான் எப்ப கேப்டன் ஆவேன்? பரீட்சை வைங்க. ஃபெயிலானா ஃபெயில்னு சொல்லுங்க. பதிலே சொல்லாம இருக்கீங்க பாருங்க, அதுதான் பொறுக்கலை."

ஜெசிந்தா கொட்டாவி விட்டாள். கீழே அறைக்குள் இறங்கி, தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

கேள்வி கேட்டவளுக்கு முதுகுதான் பதிலா? பரிமளம் கொதித்தாள். கொதித்தாலும் சுக்கானை விடவில்லை.

மதியத்துக்கு மேல், பின்னால் தொடுவானத்தில் கடல் கறுத்தது. கறுப்புக்கு மேலே மழைத்திரை. இன்னும் தொலைவில்தான் இருந்தது. ஆனாலும் படகின் மூக்கைக் காற்றுக்கு எதிரே திருப்பி, பலத்த காற்றில் படகு கவிழாமலிருக்க, கயிற்றை இழுத்துப் பெரிய பாயைப் பாதியாகச் சுருக்கினாள். மறுபடி தெற்கே திரும்பினாள். வேகம் குறைந்தது.

பக்கத்தில் போன மீன்பிடிப் படகிலிருந்து ஒருவன் கத்தினான்.

"யக்கா! நடந்தே போயிரலாம் போலிருக்கே!"

"பின்னாடி பாத்தீங்களா தம்பி?"

"பாத்துட்டுத்தான் ஓடுறோம்! எங்களுக்கு என்ஜின் பெருசு!"

அவன் படகு கரையைப் பார்த்துப் பறந்தது. பிறகு பரிமளமும் கடலும் மட்டும்.

மழை சாய்ந்து அடித்தது. படகு ஒருபக்கம் படுத்து, உதறிக்கொண்டு எழுந்தது. கீழே பாத்திரங்கள் உருண்டன. டீச்சரைக் கூப்பிட வாயைத் திறந்தாள். அதற்குள் அடுத்த அலை வந்துவிட்டது, கூப்பிட நேரமில்லை. அதற்கடுத்த அலை வந்தபோது கூப்பிடத் தோன்றவில்லை.

காற்று ஓய்ந்ததும் பாயை முழுதாக விரித்தாள். முகமெல்லாம் உப்பு. இதை ஒருத்தரும் பார்க்கவில்லையே என்று ஒரு கணம் ஆத்திரமாக வந்தது. பிறகு தனியாக, வாய்விட்டுச் சிரித்தாள்.

வெயில் சாயும்போது துறைமுகத்தின் வாய் தெரிந்தது. பாய்களை இறக்கி என்ஜினைப் போட்டாள். ரேடியோவில் துறைமுகத்தைக் கூப்பிட்டாள்.

"பாய்ப்படகு ஆலா. உள்ளே வர அனுமதி வேணும்."

"மேடம், கேப்டன் சார்கிட்ட மைக்கைக் குடுங்க."

"எதுவானாலும் என்கிட்ட கேளுங்க."

"படகுக்கு யார் பொறுப்போ அவர்தான் சொல்லணும் மேடம். சார் இல்லையா?"

"சாரே கிடையாது. இருக்கிறது ரெண்டு பேர். ரெண்டு பேரும் பொம்பளைங்க."



"சரி மேடம். அந்த ரெண்டு பேர்ல யார் கேப்டன்? அவங்களைப் பேசச் சொல்லுங்க."

இது நியாயமான கேள்வி. இதனுடன் சண்டை போட முடியாது. பரிமளம் குனிந்து அறைக்கதவைத் தட்டினாள்.

"டீச்சர்! எழுந்திரிங்க. கேப்டனைப் பேசச் சொல்றாங்க."

ஜெசிந்தா புரண்டு படுத்தாள். கண்ணைத் திறக்கவில்லை.

"பேசுங்கக்கா. அதுக்கு என்னை எதுக்கு எழுப்புறீங்க?"