கடல் புகுந்த உப்பளம்

“தாயே, வந்துடுச்சு! கடல் என் அளத்துக்குள்ள வந்துடுச்சு!”

உப்பள முதலாளி சிவனணைந்தான் மூச்சு வாங்க ஓடிவந்து நின்றார். மடத்து வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பூரணத்தம்மாள் தலை நிமிரவில்லை. வயதில் அம்மாள் சிவனணைந்தானைவிட இளையவர்தான். ஆனாலும் அவருக்குக் குரு அந்த அம்மாள்தான்.

“எந்தக் கடல்?”

“நல்லாக் கேட்டீங்க போங்க! இந்தக் கரையோரமே முழுகிடும்னு டிவியில சொன்னாங்கல்ல? அந்தக் கடல்தான். முந்திக்கிட்டு வந்துடுச்சு.”

பாவம், அந்தச் செய்தியைக் கேட்ட நாளிலிருந்து மனுஷருக்கு உறக்கமே இல்லை. முழுகப்போகிற அளத்துக்கு எதற்கு வெட்டிச் செலவு என்று ஆட்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். முதலில் நிறுத்தியது அளத்தின் மண்கரையைப் பார்த்துக்கொள்கிற கொம்பையாவை. ஏற்ற உப்பில்லாமல் லாரிக்காரர் லாரியை விற்றார். டீக்கடையும் மூடியாச்சு. ஊரே படுத்துவிட்டது.

“வாங்க, போய்ப் பார்ப்போம்.”

அளத்தில் உப்புப் பாத்தியெல்லாம் முழுகத் தண்ணீர். அப்பா காலத்து அளம் ஆயிற்றே! பார்க்கச் சகிக்காமல் சிவனணைந்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையோரமாக நடந்தார். ஓரிடத்தில் குனிந்தார். கரைக்கு அடியில் ஒரு துளை. வெளி வாய்க்கால் தண்ணீர் அது வழியாகக் குபுகுபுவென்று உள்ளே வந்துகொண்டிருந்தது. அம்மாள் கையை விட்டார். நண்டு ஒன்று விழுந்தடித்துக்கொண்டு வெளியே ஓடியது.

“அந்தா போகுது பாருங்க, உங்க பிரளயம்.”

நண்டு வளை! கொம்பையா தினமும் காலையில் முதல் வேலையாக மிதித்து அடைப்பது இதைத்தானே. அளத்திலேயே பிறந்து வளர்ந்த முதலாளிக்கு அது தோன்றவே இல்லை, பாருங்கள்.

அம்மாள் களிமண்ணை அள்ளிப் போட்டுக் குதிகாலால் நாலு மிதி மிதித்தார். தண்ணீர் நின்றது.

“அப்பாடா!” சிவனணைந்தான் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “அப்போ கடல் ஏறும்னு சொன்னதெல்லாம் சும்மாதானா, தாயே?”

“சும்மான்னு நான் எங்கய்யா சொன்னேன்?” அம்மாள் வாய்க்காலில் கை கழுவினார். “ஏறும்னே வச்சுக்கோங்க. கடல் ஏறி வருதுன்னா கரை பார்க்கிற ஆளை வேலையை விட்டு நிறுத்துவாங்களா, இன்னும் நாலு ஆளைச் சேர்ப்பாங்களா?”