விருந்தாளிக்குத் தேன்

அட்லஸ் மலையில் பாஸ்ஸு என்ற வழிகாட்டியைத் தெரியாதவர்கள் குறைவு. வெளிநாடுகளிலிருந்து வருகிறவர்களை ஒரு வாரம் மலைமேல் நடத்திக் கூட்டிப்போவார். சில இரவுகள் மலைத் தங்குமிடங்களில் கழியும். சில இரவுகள் அந்த மலையில் வாழும் பெர்பர் மக்களின் ஊர்களில். வழி தெரிந்தவர்கள் அங்கே பலர் உண்டு. பாஸ்ஸுவின் பேர் பரவியது, கேள்விக்கு அவர் பதில் சொல்லும் விதத்தால்.

ஹத்து அவரிடம் சீடனாகச் சேர்ந்த புதிதில் ஒரு கேள்வி கேட்டான்.

"நான் எப்போது வழிகாட்டி ஆவேன், ஆசானே?"

பாஸ்ஸு அவன் கையிலிருந்த ஊன்றுகோலை வாங்கி ஓடையில் வீசினார். வேறு பதில் சொல்லவில்லை.

கோல் இல்லாமல் நடந்தபோதுதான், கால் வைக்கும் கல்லைப் பார்த்து வைக்க வேண்டும் என்பது ஹத்துவுக்குப் புரிந்தது. அன்றிலிருந்து ஆசான் எதைச் சொன்னாலும் அதற்கு அடியில் வேறொன்று இருக்கும் என்று தேடுவான். தேடினால் கிடைக்கவும் செய்தது.

ஹத்து சின்னப் பையன் இல்லை. மீசையில் நரை விழுந்திருந்தது. ஆசானைவிடக் கொஞ்சம்தான் இளையவன்.

அந்த வசந்த காலத்தில் சிலர் நடக்க வந்திருந்தார்கள். அவர்களுடைய மூட்டைகளைக் கோவேறு கழுதைகள் சுமந்தன. கழுதைகளை ஓட்டியவன் உக்கா. சமையலும் அவனே.

முதல் நாள் மாலை தங்குமிடத்தில், வந்தவர்களில் ஒரு பெண் பாஸ்ஸுவின் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"உங்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறோம். கணவாயை அடையும் வழி எது?"

"இடது பக்கம்" என்றார் பாஸ்ஸு.

அவள் மேலும் ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். அவர் ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்.

ஹத்து அவள் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னான். "இதயம் இருப்பது இடது பக்கம்தான். யோசித்துப் பாருங்கள்."

"வலது பக்கம் பள்ளம் இருக்கிறது" என்றான் உக்கா, அடுப்படியிலிருந்து. "அதையும் யோசித்துப் பாருங்கள்."

அவள் சிரித்துவிட்டாள். ஹத்து சிரிக்கவில்லை.

அவள் எழுந்து போனபிறகு உக்கா அவனருகே வந்தான். "ஏன்டா ஹத்து, அவர் மூக்கைச் சொறிந்தால்கூட அர்த்தம் தேடுவாயா? போன வருஷத்திலிருந்து அவர் கதையாகவும் புதிராகவும் பேசுவதையே விட்டுவிட்டார். கவனித்தாயா இல்லையா?"

"கவனித்தேன். பேசாமல் இருப்பது அதைவிடப் பெரிய பாடம்."

"என் கழுதைகளும் பேசுவதில்லை. அவற்றிடம் போய்ச் சேர்ந்துகொள்" என்றான் உக்கா.

மறுநாள் கணவாயைத் தாண்டி ஓர் ஊரில் தங்கினார்கள். வீட்டுக்காரர் வந்தவர்களின் கைகளில் செம்பு ஜாடியிலிருந்து வெந்நீர் ஊற்றினார். கோதுமை ரொட்டியும், வெண்ணெயும், ஒரு கிண்ணம் தேனும் வந்தன. வீட்டார் தள்ளி உட்கார்ந்து பார்லி ரொட்டியை எண்ணெயில் தொட்டுச் சாப்பிட்டார்கள்.

"அவர்களுக்குத் தேன் வேண்டாமா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"விருந்தாளிக்குத் தேன். வீட்டாருக்கு எண்ணெய்" என்றார் பாஸ்ஸு. "விருந்தாளியின் கையில் வீட்டார் தண்ணீர் ஊற்றுவார்கள். கிளம்பும்போது ஊர் எல்லை மரம் வரை கூட வருவார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் இது தப்பாது."

"வீட்டு ஆள் வெளியூர் போய்விட்டு வந்தால்?"

"அவனுக்கு யார் ஊற்றுவார்கள்? அவனே போய்ச் சட்டியில் கை வைப்பான்."

ஹத்து தலையைக் குனிந்துகொண்டான். அடுத்து அவர்கள் தங்கப்போவது அவன் பிறந்த ஊரில். அவன் தங்கை இத்தோவின் வீட்டில். அவன் அந்த வீட்டுக்குப் போய் ஒரு வருஷமாகிவிட்டது.

போன வசந்தத்தில் நடந்தது இது.

இதே மாதிரி ஒரு கூட்டத்தோடு மேலே தங்கியிருந்தார்கள். ஆடு மேய்க்கிற ஒருவர் மூச்சிரைக்க ஏறி வந்தார். "ஹத்து, உன் அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை. உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்" என்றார்.

பாஸ்ஸு ஹத்துவைப் பார்த்து, "போ" என்றார்.

"இவர்களை மலையில் விட்டுவிட்டா, ஆசானே?"

"நான் இருக்கிறேன். போ."

ஹத்து ஆசானின் முகத்தைப் பார்த்தான். நடத்திக் கூட்டிவந்தவர்களை மலையில் விட்டுப் போகக் கூடாது என்பதுதான் அவர் கற்றுத்தந்த முதல் விதி. அதை மீறுகிறேனா என்று பார்க்கிறார். இதுதான் கடைசிப் பரீட்சை. அப்படித்தான் அவனுக்குத் தோன்றியது.

"நான் போகமாட்டேன், ஆசானே" என்றான்.

பாஸ்ஸு அவனையே வெகுநேரம் பார்த்தார்.

"அப்படியானால் இவர்களைப் பத்திரமாகக் கூட்டிப் போ" என்று சொல்லிவிட்டு, அவரே சரிவில் இறங்கிப் போனார்.

ஒரு கூட்டம் முழுதாகத் தன் பொறுப்பில் வந்ததும் ஹத்துவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. யாருக்கும் கால் பிசகாமல் நடத்திப் போனான். பாஸ்ஸு கைகளில் மண்ணோடு திரும்பி வந்தார். "அடக்கம் ஆகிவிட்டது" என்றார். ஹத்து அழுதான். அழுது முடித்தபிறகு, ஆசான் ஒரு வார்த்தை பாராட்டுவார் என்று காத்திருந்தான். அவர் பாராட்டவில்லை. அதையும் ஒரு பாடம் என்றே எடுத்துக்கொண்டான்.

பயணம் முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தான். அப்புறம் கால் எழவில்லை. கோடையில் அடுத்தடுத்துக் கூட்டங்கள் வந்தன. குளிர்காலத்தில் கணவாயைப் பனி மூடியபோது, உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது.

இப்போது அந்த ஊருக்கு இறங்கும் பாதையில் அவன் ஆசானை நெருங்கி நடந்தான்.

"ஆசானே, இத்தோ என்னிடம் பேசுவாளா?"

"தெரியாது."

"அவள் மன்னிக்க நான் என்ன செய்ய வேண்டும்?"

"அவளிடம் கேள்."

ஹத்து யோசனையோடு பின்தங்கினான். உக்கா கழுதைகளோடு அவனை எட்டிப் பிடித்தான்.

"என்ன சொன்னார்?"

"அவளிடம் கேள் என்றார். 'அவள்' என்று யாரைச் சொல்கிறார்? இந்த மலையைச் சொல்கிறாரா?"

உக்கா நின்றுவிட்டான். கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஹத்துவின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கினான்.

"உன் தங்கச்சியைச் சொல்கிறார்டா" என்றான்.

இத்தோ வாசலில் நின்றிருந்தாள். பாஸ்ஸுவைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"வாங்க அண்ணே! நீங்கள் போன மாசம் மண் பூசிவிட்டுப் போனபிறகு கூரை ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. உக்கா, கழுதையைக் கொல்லையில் கட்டாதே, வெங்காயம் போட்டிருக்கிறேன். போன தடவை பாதிப் பாத்தியைத் தின்றுவிட்டது."

"தின்றது கழுதையா, அதை ஓட்டியவனா?" என்றார் பாஸ்ஸு.

"இரண்டும்தான்" என்றாள் இத்தோ.

பிறகு அவள் ஹத்துவின் பக்கம் திரும்பினாள். சிரிப்பு இன்னும் உதட்டில் இருந்தது. ஆனால் அது இப்போது மரியாதைக்கான சிரிப்பு.

"வாருங்கள். களைத்து வந்திருப்பீர்கள். உள்ளே உட்காருங்கள்."

அவன் சந்தையில் வாங்கி வந்திருந்த கம்பளிப் போர்வையை நீட்டினான். அவள் இரு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"எதற்கு இந்தச் சிரமம்? விருந்தாளிகள் வந்ததே போதும்."

பெரிய அறையில் நடக்க வந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஹத்துவுக்கும் அவர்கள் நடுவிலேயே இடம் போட்டிருந்தது. இத்தோ செம்பு ஜாடியோடு ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் ஊற்றி வந்தாள். ஹத்துவின் முன்னால் வந்து நின்றாள்.

"நானே கழுவிக்கொள்கிறேன், இத்தோ."

"கையை நீட்டுங்கள்" என்றாள்.

நீட்டினான். வெந்நீர் இதமான சூட்டில் இருந்தது.

பிறகு ரொட்டி வந்தது. வெண்ணெய் வந்தது. அவன் முன்னால் ஒரு கிண்ணம் தேன் வந்தது. அடுப்படியில் பாஸ்ஸுவும் உக்காவும் கீழே உட்கார்ந்து, ஒரே சட்டியில் பார்லி ரொட்டியை எண்ணெயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். எண்ணெய் குறைந்ததும் பாஸ்ஸு தானே எழுந்து ஊற்றிக்கொண்டார்.

ஹத்து எழுந்து அங்கே போனான். சட்டி அருகே குந்தி, பார்லி ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்தான்.

இத்தோ மெல்ல அவன் விரல்களிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.

"இது காய்ந்த ரொட்டி. வீட்டாருக்கு வைத்தது. உங்களுக்கு அங்கே நல்லதாக வைத்திருக்கிறேன்."

உக்கா சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பாஸ்ஸு மெல்லுவதை நிறுத்தினார். ஹத்து தன் இடத்துக்குத் திரும்பிப் போனான்.

"தேன் அருமையாக இருக்கிறது. நீங்கள் சாப்பிடவில்லையா?" என்று பக்கத்திலிருந்த பெண் கேட்டாள்.

ஹத்து சாப்பிட்டான்.

விடிந்ததும் கொல்லைக்குப் போய்க் கோடரியை எடுத்து விறகு பிளக்க ஆரம்பித்தான். இரண்டு கட்டை பிளப்பதற்குள் இத்தோ ஓடி வந்தாள்.

"கோடரியைக் கொடுங்கள். விருந்தாளியை வேலை வாங்கினேன் என்று ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கும்."

"இத்தோ, நம் அப்பா வாங்கின கோடரி இது."

"ஆமாம்" என்றாள். கோடரியை வாங்கி வைத்துவிட்டாள்.

கிளம்பும் நேரம் வந்தது. பாஸ்ஸு முன்னால் போனார். உள்ளேயிருந்து இத்தோவின் குரல் கேட்டது.

"அண்ணே, படலைச் சாத்திவிட்டுப் போங்க! ஆடு உள்ளே வந்துவிடும்."

அவர் சாத்திவிட்டுப் போனார். அவள் அவரை வழியனுப்ப வெளியே வரவில்லை.

விருந்தாளிகள் கிளம்பியபோது தலையில் துணியைச் சரிசெய்துகொண்டு கூட வந்தாள். ஊர் எல்லையில் ஓர் அக்ரூட் மரம் நின்றது. அவள் அங்கே நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தாள். கடைசியாக ஹத்து நின்றான்.

"நான் என்ன செய்ய வேண்டும், சொல்லு இத்தோ."

"நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். விருந்தாளி என்ன செய்ய வேண்டியிருக்கிறது?"

"அப்பா என்னைக் கேட்டாரா?"

அவள் மரத்தைப் பார்த்தபடி சொன்னாள். "கேட்டார். கடைசியில் அவருக்குக் கண் தெரியவில்லை. காலடிச் சத்தம் கேட்டு, 'ஹத்து வந்துவிட்டானா?' என்றார். பாஸ்ஸு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினார். 'வந்துவிட்டேன் அப்பா' என்றார். அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்."

ஹத்து தன் கைகளைப் பார்த்தான்.

"வெயில் ஏறுகிறது. கிளம்புங்கள்" என்றாள் அவள். "இந்தப் பக்கம் வந்தால் மறுபடியும் வாருங்கள்."

பாதை மேலே ஏறியது. நடக்க வந்தவர்கள் திரும்பித் திரும்பி அந்த ஊரைப் படம் எடுத்தார்கள். எவ்வளவு அன்பான மனிதர்கள் என்று பேசிக்கொண்டார்கள். உக்கா கழுதைகளை வழக்கம்போலத் திட்டாமல் ஓட்டினான்.

மேட்டில் பாஸ்ஸு உட்கார்ந்து எல்லாரும் வந்துசேரக் காத்திருந்தார். ஹத்து கடைசியாக வந்து அவர் எதிரே நின்றான்.

"ஆசானே."

"சொல்."

"அன்றைக்கு என்னிடம் 'போ' என்றீர்கள்."

"ஆமாம்."

"இரண்டு தடவை சொன்னீர்கள்."

"ஆமாம்."

"அதற்கு என்ன பொருள்?"

பாஸ்ஸு அவனை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"'போ' என்றுதான்" என்றார்.