வெறும் செம்பு அனுப்பாத உலகம்மாள்

அந்தக் காலத்தில் அணில்களும் பெருச்சாளிகளும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தன. தொலைபேசிக் கம்பிமேல் குரலைச் சுமந்து போகும் வேலை அணில்களுடையது. ஒருவர் பேசியதைச் செம்பில் பிடித்துக்கொண்டு சிந்தாமல் ஓடும்.

ஊருக்கு வெளியே, தெருக்கம்பியும் நெடுங்கம்பியும் சேரும் முக்கில் உலகம்மாள் காவல் இருந்தாள். நெடுங்கம்பியில் போக ஒரு தடம், வர ஒரு தடம். தெருவுக்குள்ளோ எல்லாவற்றுக்கும் ஒரே தடம்தான். வருகிற செம்பைத் தெருப்பக்கம் சாய்த்து ஊற்றிவிட்டு, தெருவிலிருந்து பதில் இருந்தால் அதைப் பிடித்து, இல்லாவிட்டால் காலியாகவே, செம்பைத் திரும்புகிற தடத்தில் அவள் அனுப்ப வேண்டும். தெருக்கம்பியின் இழுப்புக்குச் சமமாக மறுகையில் ஓர் எடைக்கல்லைப் பிடித்தால்தான் குரல் முழுதும் இறங்கும். ஆனால் ஒரு வீட்டுக் கம்பி நீளம், இன்னொன்று குட்டை, மற்றொன்று துருப்பிடித்தது. மேலிடம் கொடுத்திருந்ததோ ஒரே ஒரு கல். எடை கொஞ்சம் பிசகினாலும் செம்பின் அடியில் ஒரு வாய்க் குரல் தங்கிவிடும்.

அதை உலகம்மாள் துடைக்க மாட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரும் வழக்கம் அவள் பிறந்த வீட்டில் கிடையாது. ஒரு கிள்ளுச் சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். குரல் வந்த செம்பு மட்டும் என்ன பாவம் செய்தது? தங்கியதை அப்படியே விட்டுவிடுவாள். அணில் ஓடுகிற வேகத்தில் அது உடனே பேசியவரிடமே திரும்பிப் போய்ச் சேர்ந்து, அவர் பேச்சோடு பேச்சாகக் கலந்துவிடும். யாருக்கும் தெரியாது.

பிறகு புதுப் பாதை வந்தது. வழிநெடுகப் பெருச்சாளிகள் சரக்குக் கிட்டங்கி போட்டு உட்கார்ந்து, அணில்கள் கொண்டுவந்த குரலைத் துண்டு துண்டாக நறுக்கி, எண்ணிட்டு, பொட்டலம் கட்டி, பொட்டலம் எல்லாம் சேரும்வரை காத்திருந்து அனுப்பின. வழியில் ஒரு சொட்டும் சிந்தவில்லை, வாஸ்தவம். ஆனால் போய்த் திரும்ப நேரம் பிடித்தது. இப்போது அடிமிச்சம் தாமதமாக, தனியாக வந்து சேர்ந்தது. எதிர்முனையில் யாரோ பழிப்புக் காட்டுவதாக நினைத்து ஆட்கள் சண்டைக்கு வந்தார்கள். செம்பைத் துடைத்து அனுப்பாவிட்டால் வேலை போய்விடும் என்று உலகம்மாளுக்கு உத்தரவு வந்தது. முந்தானையால் துடைத்துத் துடைத்து அனுப்பினாள். மனசு மட்டும் ஆறவில்லை.

ஒரு நாள் துறைமுகத்திலிருந்து இசக்கியின் குரல் வந்தது. பெண்டாட்டி பிரமாச்சியோடு சண்டை போட்டுக்கொண்டு போனவன். சாயங்காலக் கப்பலில் ஏறிவிட்டால் திரும்புவானா என்பது அவனுக்கே தெரியாது. பிரமாச்சி கருவியைக் காதில்தான் வைத்திருந்தாள். வீம்பில் வாய் திறக்கவில்லை. வெறும் செம்பாகவே வந்துகொண்டிருக்க, அவனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

“நீ இருந்தா என்ன, இல்லாட்டி எனக்கு என்னட்டி? நான் போறேன்.”

உலகம்மாள் அதையும் ஊற்றினாள். அடியில் ஒரு வாய் தங்கியது. அணில் கை நீட்டியது.

“தொடச்சாச்சா அத்தை? நேரமாவுது.”

“ஊரை விட்டே போற மனுசன். அவனுக்கு வெறுஞ்செம்பையா குடுத்துவிடச் சொல்லுத?”

வேலை போனால் போகிறது என்று அடிமிச்சத்தோடு கொடுத்துவிட்டாள்.

அடுத்த வசவுக்கு மூச்சை இழுத்தபோது இசக்கியின் காதில் அவன் குரலே விழுந்தது. இல்லாட்டி எனக்கு என்னட்டி. வாயிலிருந்து போனபோது அது சாதாரணப் பேச்சாகத்தான் இருந்தது. காதால் கேட்டபோது கட்டியவளிடம் சொல்லக்கூடிய வார்த்தையாக இல்லை. அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பேச்சை நிறுத்தினான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “பிரமு, எனக்குப் போக மனசில்ல. கேக்குதா?” என்றான்.

“கேக்குது,” என்றாள் பிரமாச்சி. “சோறு வச்சிருக்கேன். வாரும்.”

கப்பல் அவனில்லாமல் போனது. உலகம்மாளின் வேலையும் போனது. துடைப்பதற்கென்றே ஆட்களை மேலிடம் நியமித்தது. குறை சொல்லக் கூடாது, நன்றாகத்தான் துடைக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு கம்பியின் சுபாவமும் பிடிபடும்வரை அவர்கள் கைக்கும் கொஞ்சம் தப்பிவிடுகிறது.

அன்று முதல்தான், தொலைபேசியில் தன் குரலே திரும்பி வந்தால் எப்பேர்ப்பட்ட வாயாடியும் சட்டென்று பேச்சை நிறுத்தி, குரலைத் தணித்து, “கேக்குதா?” என்று கேட்கிறார்.