வழக்கம்போல

"சாகக் கெடக்கிற நட்சத்திரம்தானே டீச்சர் அது? நாலு நாள் பாக்காம விட்டா என்ன ஆயிடப் போகுது?"

வைகாசியில் ஒருநாள், விடிந்ததும் விடியாததுமாக வந்து இப்படிக் கேட்டவர் அரியமுத்து. ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், வயது அறுபத்துமூன்று. அவருக்கு வானம் பார்க்கச் சொல்லிக்கொடுத்த தில்லைநாயகி டீச்சருக்கு நாற்பத்தெட்டு. குரு தன்னைவிடச் சின்னவர் என்று அவர் ஒருநாளும் குறைபட்டதில்லை. சொக்கிக்கொண்டு வரும் தூக்கம்தான் அவருக்குத் தொந்தரவு.

டீச்சர் கண் ஆபரேஷன் முடிந்து, கட்டோடு படுத்திருந்தார்.

"அதுக்கு உள்ள எரிக்க ஒண்ணுமில்ல ஐயா. வெளிய ஊதிப் பெருத்து நிக்குது. ஒருநாள் தன் கரியத் தானே கக்கி மூஞ்சிய மூடிக்கும். அந்த முதல் நாளப் பிடிக்கத்தான் இருபத்திரண்டு வருஷமா பாக்குறேன்."

அரியமுத்து நோட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"நோட்டை வாசிங்க."

பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, அதன் வெளிச்சத்தைத் தினமும் எழுதும் நோட்டு. மூன்று வருடமாக இருவரும் முறைவைத்துப் பார்த்து எழுதினார்கள். டீச்சர் படுத்தபின் அரியமுத்து மட்டும்; தினமும் காலையில் வந்து 'வழக்கம்போல' என்று சொல்லிவிட்டுப் போவார்.

"ஞாயிறு, வழக்கம்போல. திங்கள், வழக்கம்போல. செவ்வாய், வழக்கம்..."

"செவ்வாய்க்கிழமை விடிய விடிய மழை" என்றார் டீச்சர். "கட்டு கண்ணுலதான் ஐயா. காதுல இல்ல."

அரியமுத்து நோட்டை இறக்கினார். முப்பத்தைந்து வருடத்தில் ஒரு கடிதத்தைத் தவறவிட்டதில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனிதர்.

"தூங்கிட்டேன் டீச்சர். புதனையும் சேத்து நாலு நாளும். மாறவா போகுதுன்னு எழுதிட்டேன். நேத்துதான் மாடிக்குப் போனேன். அதைக் காணோம்."

டீச்சரின் கை கண்கட்டு வரை போய்த் திரும்பியது. அழக்கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"எந்த நாள் மங்க ஆரம்பிச்சுது?"

"தெரியாது டீச்சர்."

"இனி யாருக்கும் தெரியாது."

அவர் திட்டியிருந்தால் அரியமுத்துவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"மழைன்னு தெரிஞ்சுதே, அப்பவே ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"இந்தப் பக்கத்தக் கிழிச்சிடட்டுமா?"

"கிழிக்காதீங்க. அடிக்கவும் வேண்டாம். ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல 'பார்க்கவில்லை'ன்னு எழுதுங்க. கையெழுத்துப் போடுங்க."

எழுதினார். நான்கு வரி. நான்கு கையெழுத்து. கடைசிக் கையெழுத்து அவருடையது போலவே இல்லை.

நோட்டை மூடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு முந்தின பக்கத்தைப் புரட்டினார். அதற்கும் முந்தினதை.

தாள் சத்தம் கேட்டு டீச்சர் தலையைத் திருப்பினார்.

"இன்னுமா ஐயா?"

"கார்த்திகையில இருந்து என் முறையெல்லாம், டீச்சர்."