ஒரே வண்டியில் நாலு மூப்பர்

ஏழரைக்கோட்டை என்று ஒரு சமஸ்தானம். பேர்தான் ஏழரை, ராஜா நல்லவர். என்ன, யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்பிவிடுவார். அவரிடம் கடிதம் எழுதும் உத்தியோகத்தில் இருந்தவர் பாக்கியநாதன். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். எழுத்தாணியைவிட நாக்கு கூர்மை.

அந்த நாக்குதான் வம்பை இழுத்துவந்தது. ஒரு ஞாயிறு, சபையின் நாலு மூப்பர்களில் ஒருவரான சுவிசேஷமுத்து கோயிலில் எழுந்து பொறுமையைப் பற்றி மூன்று மணி நேரம் பேசினார். வெளியே வந்ததும், "பிரசங்கம் எப்படி?" என்று கேட்டார்.

"கடைசிவரை உட்கார்ந்திருந்தேனே ஐயா, அதுதான் பொறுமை" என்றார் பாக்கியநாதன்.

அவ்வளவுதான். நாலு மூப்பர்களும் கூடி, திருவிருந்து அப்பம் வாங்குகிறவர்களின் ஏட்டிலிருந்து அவர் பேரை அடித்துவிட்டார்கள். காரணம் கேட்டதற்கு, செபத்தில் சிரிக்கிறான், தனியாகச் செபிக்கிறான், செபித்தாலும் சத்தமே வருவதில்லை என்றார்கள். வாயாடிதான் என்றாலும் அன்றைக்குப் பாக்கியநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பத்தைக் கையில் வாங்குகிற அந்த ஒரு நிமிஷத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருக்கிற மனுஷர் அவர்.

மூப்பர்கள் அதோடு விடவில்லை. சுவிசேஷமுத்துவின் மருமகனுக்கு அரண்மனை உத்தியோகத்தின் மேல் ரொம்ப நாளாய் ஒரு கண். நாலு பேரும் மனு எழுதிக்கொண்டு தர்பாரில் வந்து நின்றார்கள்.

"மகாராஜா, கடவுளே கைவிட்ட ஆள் இவன். இவன் செபம் கூரையைத் தாண்டாது. இவன் எழுதுகிற கடிதத்தை யார் நம்புவார்கள்?"

ராஜா வழக்கம்போல் நம்பிவிட்டார்.

"பாக்கியநாதா, உம்முடைய செபம் ஒன்றையாவது கடவுள் கேட்டார் என்பதற்கு அத்தாட்சி காட்டும். இங்கேயே, இப்போதே, என் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் எழுத்தாணியை வைத்துவிட்டுக் கிளம்பும்."

மூப்பர்கள் முகத்தில் கல்யாணக் களை.

"காட்டுகிறேன் மகாராஜா. அதற்கு முன் இவர்களிடம் ரெண்டு வார்த்தை" என்று திரும்பினார் பாக்கியநாதன். "ஐயா, எதில் வந்தீர்கள்?"

"என் வண்டியிலதான். நாலு பேரும் ஒரே வண்டியில வந்தோம்" என்றார் சுவிசேஷமுத்து.

"மனு?"

"நாலு பேரும் ஒரே மனசா எழுதினது. யாருக்கும் மாத்துக் கருத்து கெடையாது."

பாக்கியநாதன் நின்ற இடத்திலேயே முழங்கால் போட்டார். கண் கலங்கிவிட்டது.

"கேட்டுவிட்டார் மகாராஜா."

"யார்?"

"கடவுள்தான். பதினோரு வருஷத்துக்கு முன் எங்கள் கோயிலுக்கு மணி வந்தது. வடக்கே கட்டு என்று இவர்களில் ரெண்டு பேர், தெற்கே கட்டு என்று ரெண்டு பேர். கடைசியில் இன்னொரு மணி வாங்கிக் கட்டினார்கள். வடக்கு மணிக்கு வருகிறவர்கள் தெற்கு மணிக்கு வருகிறவர்களோடு பேசுவதில்லை. சபையார் கூடிச் சாப்பிடும் அசன விருந்துக்கு ரெண்டு அடுப்பு. செத்தவரை ரெண்டு தரம் அடக்கம் பண்ணாததுதான் குறை. 'ஆண்டவரே, இந்த நாலு பேரையும் ஒரு தரமாவது ஒன்றாய் உட்கார வையும்' என்று அன்றிலிருந்து தினமும் செபிக்கிறேன். சத்தமில்லாமல்தான் செபித்தேன். எப்படியோ கேட்டு, என்னைத் துரத்துகிற சாக்கிலேயே சேர்த்து வைத்துவிட்டார்."

ராஜா மூப்பர்களைப் பார்த்தார். "ஒரே மனசாய் வந்தது உண்மைதானே?"

ஆமாம் என்றால் செபம் பலித்ததாகிவிடும். இல்லை என்றால் மனு பொய்யாகிவிடும். தெற்கு மூப்பர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை.

"நாங்களா வரல மகாராஜா. இவருதான் வண்டியோட வந்து கெஞ்சினாரு."

"யாருவே கெஞ்சினது?" என்றார் சுவிசேஷமுத்து.

வடக்கும் தெற்கும் தர்பாரிலேயே ஆரம்பித்துவிட்டது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மனுவைக் கிழித்துப் போட்டார்.

"உத்தியோகம் உமக்குத்தான். அந்த ஏட்டில் உம்முடைய பேரைத் திரும்ப எழுதச் சொல்லட்டுமா?"

"வேண்டாம் மகாராஜா. பேரை அடித்த பிறகும் போன ஞாயிறு கடைசி வரிசையில் முழங்கால் போட்டேன். இவர்கள் முறைத்தார்கள். மேலே இருப்பவர் எழுந்து போ என்று சொல்லவில்லை. அவர் சொல்லட்டும், போகிறேன்."

"அப்படியானால் வேறு ஏதாவது கேளும்."

பாக்கியநாதன் திரும்பிப் பார்த்தார். சுவிசேஷமுத்துவின் தலைப்பாகை தெற்கு மூப்பர் கையில் இருந்தது.

"இன்னொரு வண்டி தாருங்கள் மகாராஜா. எனக்கில்லை. இவர்கள் வீடு போய்ச் சேர வேண்டாமா?"